நான் குதிக்காத நாற்பது நிமிடம்

சேலையூர்,
ஆவணி மூன்றாம் நாள்

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு, கேம்ப் ரோடு காண்டாமிருகம் என்ற பெயரைக் கேட்டாலே மூன்று தாலுகா நடுங்கும் உன் சித்தப்பா தட்சிணாமூர்த்தி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி கீதாவும் சுகம்தான், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, மழைக்கு முதல் நாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் கால்கரியில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இப்போது கோடைக்காலம், பதினெட்டு டிகிரி என்று சொன்னாய், பதினெட்டு டிகிரியைக் கோடை என்று சொல்லும் ஊர் எனக்குச் சரிப்படாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை நீ நாற்பத்தோரு நிமிஷம் போனில் பேசினாய், அதில் என் பங்கு இரண்டு ம், ஒரு இருமல். அதனால்தான் பேப்பரில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். ஒன்பது வயசில் அண்ணன் உன்னை எங்களிடம் விட்டுப் போன நாளிலிருந்து நீ என்னை அதட்டி வருகிறாய், நானும் அடங்கியே வந்திருக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடங்கப்போவதில்லை. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தாயாம், அதில் பச்சைக் கால்சட்டை போட்ட ஒரு குண்டு ஆள் குஸ்தி மேடை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறானாம், கீழே நாலாயிரம் பேர் சிரித்து எழுதியிருக்கிறார்களாம், மானம் போயிற்றாம், முதலாளி மதியழகன் கேட்கிறபடி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நீ அனுப்பிய பணத்தில் டிக்கெட் எடுத்து விமானம் ஏறி வந்துவிட வேண்டுமாம். தாயே, அந்த வீடியோ ஐம்பது நொடி. நடந்தது நாற்பது நிமிஷம். மீதி முப்பத்தொன்பது நிமிஷத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்.

எங்கள் குஸ்தி கம்பெனி ஆடியிலும் மார்கழியிலும்தான் நடக்கும் என்பது உனக்குத் தெரியும், முகூர்த்தம் இல்லாத மாசத்தில்தான் அஸ்தினாபுரம் கல்யாண மண்டபம் கால் வாடகைக்குக் கிடைக்கும். சாப்பாட்டு ஹாலில் மேடை, மணமகள் அறையில் நாங்கள் உடை மாற்றுவோம், மாப்பிள்ளை பெண் உட்காரும் சிம்மாசனத்தில் கம்பெனி முதலாளி மதியழகன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே அவன்தான் சொல்வான். ஞாயிற்றுக்கு ஒன்றிரண்டு ஆட்டமாக, அந்த வீடியோ ஆட்டத்துக்கு முன்னால் வரை, இருபத்திரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினோரு ஆட்டம் ஆடியிருக்கிறேன், முந்நூற்றுப் பதினொன்றிலும் தோற்றிருக்கிறேன், இமயமலை முதல் இரும்புலியூர் வரை இந்தச் சாதனையை முறியடிக்க ஆள் கிடையாது. எதிராளி என்னைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைவான், ஜனம் கைதட்டும், நான் எழுந்துபோய் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுவேன். இதில் ஊருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. என் நூற்றுப் பன்னிரண்டு கிலோவை எந்த மனுஷனாலும் தூக்க முடியாது. தூக்கப்படுகிறவன்தான் அவன் தோளில் கை ஊன்றி எம்பிக் குதிக்க வேண்டும், தூக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் போதும். இத்தனை வருஷமாகத் தாம்பரத்துப் பயில்வான்கள் எல்லாரையும் பலசாலியாக்கியது என் குதிதான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு நம் தனசிங்குக்கு அடிபட்டது. உன் கல்யாணத்தில் தனியாக நின்று எட்டு காஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றினானே, அதே தனசிங். வார நாளில் அவன் பிழைப்பே சிலிண்டர் போடுவதுதான். மதியழகன் காசு மிச்சம் பிடிக்க மேடைக்கு மெல்லிசுப் பலகை வாங்கிப் போட்டிருந்தான், தனசிங் கயிற்றின் மேலிருந்து குதித்ததும் பலகை உடைந்து வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. பத்து நாளில் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் மடங்காது, மாடிப்படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், செலவு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஏன் இன்சூரன்ஸ் போட்டு வைக்கவில்லை என்று கேட்டாய். நீ இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள், கேட்பாய். அவன் இரண்டு இடத்தில் கேட்டான் அம்மா, என்ன தொழில் என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை கீழே விழுவது என்று உண்மையைச் சொன்னான், டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் பெண்சாதி ஜெயசீலி மதியழகன் வீட்டுக்கு மூன்று நடை போனாள். விழுந்தது உன் வூட்டுக்காரர், அதுக்கு நான் இன்னா பண்ணட்டும் என்று கேட்டிருக்கிறான். விழத்தானே சார் கூலி குடுத்த, பலகைய உடைக்கவா குடுத்த என்று இவள் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது மதியழகனின் மச்சான் உமேஷ் கதைக்கு வருகிறேன், அவனைப் போன்ற அறிவாளி ஆயிரம் வருஷத்துக்கு ஒருத்தன்தான் பிறப்பான், அதுவும் தவறுதலாக. ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கு எனக்கும் காட்டாங்குளத்தூர் விக்கிக்கும் ஆட்டம் என்று போர்டு வைத்ததும் இவன் மண்டப வாசலில் மேஜை போட்டு, சந்தனம் கற்கண்டு எல்லாம் வைத்து, மொய் நோட்டில் பந்தயம் எழுத ஆரம்பித்தான். போலீஸ் வந்தால் காதுகுத்து மொய் என்று சொல்லிக்கொள்ளலாமாம், ஆடி மாசத்தில் யார் காது குத்துவார்கள் என்று யோசிக்கவில்லை. விக்கி ஜெயித்தால் நூறுக்கு நூற்றிருபது, நான் ஜெயித்தால் நூறுக்கு ஆயிரத்திருநூறு என்று விகிதம் போட்டான், பெரிய தொகையைப் பார்த்து ஜனம் என் பேரில் வந்து விழும் என்பது அவன் கணக்கு. முந்நூற்றுப் பதினோரு தடவை தோற்ற காண்டாமிருகம் தோற்குமா என்று பந்தயம் வைத்தால் எவன் விடுவான். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை நாலு லட்சம் பேர், சரி, நானூறு பேர், மொத்தமாக வந்து விக்கி பேரில் கட்டிவிட்டார்கள். என் பேரில் விழுந்தது ஒரே ஒரு சீட்டு, ஐந்நூறு ரூபாய். அது யார் என்று பிறகு சொல்கிறேன். உமேஷ் அதற்குள் வசூலான பணத்தைப் புது வண்டிக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, விக்கி ஜெயித்தால் நானூறு பேருக்கும் பணம் தர முடியாமல் ஊரை விட்டு மூட்டை கட்ட வேண்டும் என்று அப்புறம்தான் கண்டுபிடித்தான்.

ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மதியழகன் மணமகள் அறைக்கு வந்தான். தட்சிணா அண்ணா, கதை மாறிப்போச்சு, இன்னிக்கு நீதான் ஜெயிக்கிற, தனியா பத்தாயிரம் தரேன், விக்கி கைல நான் பேசிக்கினேன் என்றான். இருபத்திரண்டு வருஷம் கழித்து எனக்கு வந்த முதல் வெற்றி, அம்மா, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் நெஞ்சு விம்மியது. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து, அப்டியே இதுல ஒரு கையெழுத்து, சும்மா சாட்சிதான் என்று நீட்டினான். தனசிங் குடித்துவிட்டு மேடை ஏறித் தானாக விழுந்தான் என்று அதில் இருந்தது. டீயில் சர்க்கரைகூட வேண்டாம் என்பவன் தனசிங். நான் கையெழுத்துப் போடவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, ஆட்டம் முடியட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். மீசை தடவினால் சம்மதம் என்று அவனே அர்த்தம் செய்துகொண்டதற்கு நான் பொறுப்பில்லை.

மணி அடித்தது. ஆறு நிமிஷம் வழக்கம்போல உருண்டோம். பிறகு என்னைத் தூக்குகிற மாதிரி விக்கி ஒரு பாவனை செய்ய வேண்டும், நான் அவனைத் தள்ளிவிட்டு மேலே படுத்து ஜெயிக்க வேண்டும், அதுதான் புதுக் கதை. விக்கி என் இடுப்பைப் பிடித்தான். நான் தள்ளவும் இல்லை, குதிக்கவும் இல்லை, ரயில்வே ஸ்டேஷன் தூண் மாதிரி நின்றேன். அவன் இழுத்துப் பார்த்தான், முட்டிப் பார்த்தான், கழுத்து நரம்பு புடைத்தது. இன்னா ணா, தள்ளு, இல்லாங்காட்டி குதி, எனுக்கு இடுப்பு புடிச்சிக்கும் போல கீது என்று காதில் கெஞ்சினான். தனசிங் காலுக்குப் பணம் வராமல் நான் ஜெயிக்கவும் மாட்டேன் தோற்கவும் மாட்டேன், உட்காரப்போகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். விக்கி என்னைப் பார்த்தான், சிம்மாசனத்தைப் பார்த்தான், போன வருஷம் அவன் தோள் மூட்டு நழுவினபோது மூன்று வாரக் கூலியைப் பிடித்தவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நவுறு ணா, எனுக்கும் எடம் குடு என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்த நிமிஷம் மணமகள் அறைக் கதவு திறந்து முகமூடி போட்டவன், புலித்தோல் போட்டவன், சங்கிலி போட்டவன் என்று ஆறு பேர் வரிசையாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், பந்திக்கு இலை போடுவதுதான் பாக்கி.

நான் மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பாதி ஜனம் அடேங்கப்பா என்றது, பாதி ஜனம் டேய் காண்டாமிருகம், எய்ந்திருச்சு ஒழுங்கா தோத்துப்போடா, நானூறு பேர் துட்டு உள்ள கீது என்று கத்தியது. நீ பார்த்த ஐம்பது நொடி இதுதான். எட்டரை மணிக்கு மண்டப மேனேஜர் ஏசியை நிறுத்தினார், ஒன்பதாவது ஆளும் சேர்ந்திருந்தால் வியர்வையில் நீந்தியிருப்போம். முடிவு இல்லாவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அவனவன் உமேஷ் சட்டையைப் பிடிக்க ஆரம்பித்தான். உமேஷ் ஓடிப்போய் மாமா, குட்த்துடு மாமா, அண்ணன் ஜெயிச்சா நாம தப்பிச்சிக்கலாம், இல்லன்னா என்னிய இங்கியே பொதச்சிடுவானுங்க என்று சிம்மாசனத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். மதியழகன் இன்னும் பத்து நிமிஷம் முறுக்கிக்கொண்டிருந்தான். நாற்பதாவது நிமிஷம் போனை எடுத்தான். பெண்கள் வரிசையில் ஜெயசீலி தன் போனை இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்து நின்று, வந்துட்ச்சு அண்ணா, முழுசா வந்துட்ச்சு என்றாள்.

எட்டு பேரும் எழுந்தோம், மேடையில் நானும் விக்கியும் மட்டும் நின்றோம். உமேஷ் கை கூப்பி என்னைப் பார்க்கிறான். மதியழகன் கண்ணாலேயே ஜெயி என்கிறான். தள்ளு ணா, ஜெயிச்சிடு, உன் ஆசைய நான் கெடுக்கல என்று விக்கியே சொன்னான். இடுப்பைக் கெட்டியா புடிச்சுக்கோ தம்பி என்று நான் சொன்னேன். அப்புறம் குதித்தேன் பார், தர்ஷினி, அந்த மாதிரிக் குதியை என் இருபது வயசிலும் குதித்ததில்லை, மண்டபத்து மின்விசிறி என் மீசையை வாரியது, மேலே போன ஏரோப்ளேன் கொஞ்சம் ஒதுங்கிப் போனது. விக்கி அறைந்தான். என் தோள் இரண்டும் தரையில் பட்டிருக்க, ரெஃபரி மூன்று எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு. தோற்பது என் தொழில், அதை நாணயமாகச் செய்வேன், மதியழகன் மச்சானின் வண்டிக்காக ஜெயிப்பது என் தொழில் இல்லை. உமேஷ் இன்னும் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை, வண்டி மட்டும் ஷோரூமில் நிற்கிறதாம்.

அந்த ஐந்நூறு ரூபாய் சீட்டு உன் சித்தியுடையது. இருபத்திரண்டு வருஷமாக நான் தோற்பதைப் பார்த்தும் என் பேரில் கட்டிய ஒரே ஆத்மா. ஆறாயிரம் போச்சு என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மூன்றாம் நாள் தோசை ஊற்றும்போது, போனா போவுது, குதிச்சது நல்லாத்தான் இருந்தது என்றாள். தனசிங்குக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, கால் மடங்குகிறது, அவன் இனி மேடை ஏறமாட்டான், மணி அடிப்பான்.

மதியழகன் ஸ்டாம்ப் பேப்பரில் மன்னிப்பு கேட்டால்தான் மார்கழி ஆட்டத்தில் பெயர் என்கிறான். கேட்கமாட்டேன். நீ சொன்னாலும் கேட்கமாட்டேன், நம் வடக்கத்தி மாப்பிள்ளை ஹிந்தியில் சொன்னாலும் கேட்கமாட்டேன். நாங்கள் எட்டு பேரும் ஒரு பேப்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், யாருக்கு அடிபட்டாலும் வைத்தியச் செலவு கட்டிய பிறகுதான் அடுத்த மணி அடிக்கும் என்று. மார்கழியில் ஆட்டத்தை நாங்களே நடத்துகிறோம், பலகை ஒரு இஞ்சு கனம், வாசலில் மொய் நோட்டு கிடையாது. நீ டிக்கெட்டுக்கு அனுப்பிய பணம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே. மண்டப மேனேஜரிடம் மார்கழி இரண்டாம் ஞாயிற்றுக்கு முன்பணமாக இருக்கிறது, ரசீது உன் பேரிலேயே வாங்கியிருக்கிறேன், ஆகவே கம்பெனி முதலாளி இனி நீதான், என்னை அதட்டுவதாக இருந்தால் நேரில் வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்து அதட்டு.

ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, வெறும் பாலில் ஓட்ஸ் என்ற அந்த உமியைப் போட்டுத் தின்பதை நிறுத்து, மாப்பிள்ளையை என் சார்பில் ஒரு தடவை மட்டும் அதட்டு. ஈரேழு உலகமும் வந்து அழுத்தினாலும் உன் தோள் கீழே படாமல் நீ எழுந்து நிற்க வேண்டும், தீர்க்காயுசாக இரு. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது முழங்காலுக்குப் போடும் உறை இரண்டு கொண்டு வா, ஒன்று எனக்கு, ஒன்று தனசிங்குக்கு, அவனுக்கு வலது கால், மறந்துவிடாதே.

எந்நாளும் உன் சித்தப்பா,
தோல்வியில் யாரும் தோற்கடிக்க முடியாத
கேம்ப் ரோடு காண்டாமிருகம்
சே. தட்சிணாமூர்த்தி