வளைவுக்கு அங்கிட்டு

21 நவம்பர் 1958, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. சுபுஹு தொழுத கையோடு இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாரமெல்லாம் தோல் மண்டியில் ஆட்டுத்தோல் தரம் பிரிக்கிற மூக்குக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது மலைக்காற்று வேண்டுமாம். மாமி கதவைச் சாத்திக்கொண்டே, "பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம மலை மூஞ்சியப் பாக்கப் போறான்" என்றார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் போனால்தானே திரும்பி வந்து சொல்வார்?

ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, பாயில் சாய்ந்ததும் ஆரம்பித்தார். கன்னிவாடிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் சைக்கிளை விட்டுவிட்டு ஓடையோடு நடந்தாராம். போகப்போக இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வந்து, மேலே வானம் ஒரு முழத் துணி அகலம்தான் தெரிந்ததாம். கடைசியில் பாறைக்குப் பாறை தண்ணீர். ஓரமாக நடக்கக் கரையே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கசம் என்கிறார்களாம். கசம் வலப்பக்கம் வளைந்து மறைகிறது.

"அங்கிட்டு என்ன இருக்கு மச்சான்?"

"ஜும்மாவுக்கு நேரமாச்சு புள்ள. திரும்பிட்டேன்."

ஜெகபர் அலி என்ற என் கணவர் மீது எனக்கு இருக்கிற ஒரே குறை இதுதான்.

5 டிசம்பர்

இன்று வேறு வழி. ஒரு கணவாய் ஏறி, அந்தப்புறம் பள்ளத்தாக்கில் காட்டு நெல்லி பார்த்தாராம். மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மாமிக்கு ஊறுகாய், எனக்குப் பள்ளத்தாக்கு.

19 டிசம்பர்

மறுபடி கசம். மறுபடி ஜும்மா.

பாத்திரம் கழுவும்போது அந்த வளைவில் நானே நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டதற்கு, "பச்சைன்னும் சொல்ல முடியாது, கருப்புன்னும் சொல்ல முடியாது" என்றார். அதே நிறம் எனக்குத் தெரியும். சேவுகம்பட்டியில் எங்கள் தோட்டத்துக் கிணறு. அத்தா என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, படியில் நின்று மறு நுனியைப் பிடித்துக்கொள்வார். எனக்குத் தெரியாமல் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். கயிறு தொய்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் நீந்திக்கொண்டிருக்கிறேன் என்றே தெரிந்தது.

பெரிய மனுஷி ஆனதும் கிணறு போச்சு. கல்யாணமாகித் திண்டுக்கல் வந்த பிறகு தண்ணீர் என்றால் குடத்துக்குள் இருப்பது மட்டும்தான்.

இதை நான் இவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

26 ஜனவரி 1959, திங்கள்

குடியரசு நாள். மண்டிக்கு விடுமுறை. ஜும்மாவும் இல்லை, முழுப் பகல் இருக்கிறது! விடிவதற்கு முன்பே தோசை கட்டிக் கொடுத்து அனுப்பினேன். இன்றைக்கு அந்த வளைவைத் தாண்டிவிடுவார் என்று நாளெல்லாம் கால் தரையில் நிற்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் வந்தார். தட்டு வைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"இன்னைக்குத் தலவலி. திரும்பிட்டேன்."

அவர் கைலியைக் கொடியில் போடும்போதுதான் பார்த்தேன். முழங்கால் வரைக்கும்தான் ஈரம். எப்போதுமே முழங்கால் வரைதான். இத்தனை வாரமாகத் துவைக்கிறேன், எனக்குத் தோன்றவில்லையே?

27 ஜனவரி

வாய் சும்மா இருந்ததா? "மச்சான், ஒங்களுக்கு நீஞ்சத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்தும் தொலைத்தேன்.

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "ஆமா, தெரியாது. ஒனக்கு என்ன, வீட்டுக்குள்ள ஒக்காந்துகிட்டு அங்கிட்டு என்ன, அங்கிட்டு என்னன்னு கேக்குறதுக்கு!"

வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு. ஆமாம், நான் என்ன ஆசைப்பட்டா உட்கார்ந்திருக்கிறேன்? எனக்கு அழுகையா வந்துச்சு. அழவில்லை.

13 பிப்ரவரி

மூன்றாவது வெள்ளி. சைக்கிள் சுவரோரம் நிற்கிறது. இவர் பேன் பார்க்கிற குரங்கு மாதிரி சைக்கிள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமி என்னிடம் மெதுவாக, "என்னடி சொன்ன எம்புள்ளய? மலைக்குப் போகச் சொல்லு. வீட்ல இருந்தா எனக்கே பாக்கப் பிடிக்கல" என்றார்.

அந்தப் பள்ளத்தாக்கை நானே மூடிவிட்டேன்.

20 பிப்ரவரி

வெஞ்சனம் பரிமாறும்போது கிணற்றைச் சொன்னேன். குடுக்கை, கயிறு, அத்தா, எல்லாம். மேலிருந்து குதித்ததையும் சொன்னேன். அவர் கையில் சோறு காய்ந்துபோனது. சாப்பிட்டு எழுந்த பிறகு, என்னைப் பார்க்காமல், "வாரியா?" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.

6 மார்ச், சேவுகம்பட்டி, அத்தா வீடு

நோன்புக்கு முன்னால் அத்தாவைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று மாமியிடம் சொல்லி நேற்று விடியலில் கிளம்பினோம். பொய்யில்லை. வழிதான் கொஞ்சம் சுற்று.

கேரியரில், மேலே போர்த்திய துப்பட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செம்பட்டி தாண்டியதும் மலை மெல்ல மெல்ல எழுந்து எங்கள் மேல் நிழல் போட்டது. தோட்டத்தில் சைக்கிளை விட்டு நடந்தோம். ஒவ்வொரு பாறையும் எனக்குப் பழக்கம். "இங்க வழுக்கும்" என்று அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

கசம். நான் நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிட அமைதி. துப்பட்டியைப் பாறையில் வைத்தேன். சேலையை இழுத்துச் செருகினேன். "பாத்துப் புள்ள" என்றார். இறங்கிவிட்டேன்.

அம்மாடி, என்ன குளிர்! ஆனால் கை கால் எதையும் மறக்கவில்லை. வளைவு திரும்பியதும் பாறை விலகிவிட்டது. அங்கே ஒரு குட்டிப் பள்ளத்தாக்கு. வெயில். ஈர மணலில் மஞ்சள் மஞ்சளாக என்னவோ பூ உதிர்ந்து கிடக்கிறதே என்று காலை வைத்தேன். அத்தனையும் எழுந்து பறந்தது. பட்டாம்பூச்சி! என் முகத்திலும் கையிலும் உட்கார்ந்தன. அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாருக்கும் மருமகளாக இல்லாமல், யாருடைய பசிக்கும் உலை வைக்காமல் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான்.

பிறகுதான் அவர் கூப்பிடுவது காதில் விழுந்தது. "நஜ்மு! ஏ நஜ்மு!" பாறையில் மோதி மோதி வந்தது. குரல் உடைந்திருந்தது.

நீந்தி வளைவைத் திரும்பினேன். அவர் கரையில் இல்லை. நெஞ்சளவு தண்ணீரில், பாறைப் பிளவை ஒரு கையால் பற்றிக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து அடி தேடிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அங்கே அடி கிடையாது. முழங்காலைத் தாண்டாத மனுஷன்.

"போங்க மச்சான், போங்க, பின்னால போங்க!" என்று கத்திக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்தேன். கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

சேலை பாதி காய்ந்த பிறகு அவர்தான் கேட்டார்.

"அங்கிட்டு என்ன இருக்கு?"

சொன்னேன். பட்டாம்பூச்சியோடு நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார். நான் கேட்கிற அதே மாதிரி.

17 ஏப்ரல், வெள்ளி, சேவுகம்பட்டி

பெருநாள் முடிந்து வந்திருக்கிறோம். அத்தா பரணிலிருந்து பழைய சுரைக்குடுக்கையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். என் முதுகுக்குக் கட்டியது, இவர் முதுகில் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் சேர்த்துக் கட்டினோம்.

"செத்த நேரம் பொறு புள்ள" என்று கிணற்றுப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். கை காலை அடித்ததில் அத்தாவின் வேட்டியெல்லாம் தண்ணீர்.

"விட்றாத நஜ்மு, கயித்த விட்றாத!"

"விடல மச்சான்."

விடவில்லைதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.