பேச்சியக்கா கேட்ட கேள்வி

12 ஆகஸ்ட் 2003

இன்று என் பிஎச்.டி. வைவா முடிந்தது.

களத்தில் ஐந்து நாள் காய வேண்டிய மிளகாய்ப் பழம், எழுமலையில் நான் வைத்த சோலார் டிரையரில் இரண்டே நாளில் வற்றலாகிவிடும். "அப்ப மிச்ச மூணு நாளு கூலிக்கு நாங்க எங்க போறது டீச்சர்?" என்று களத்தில் மிளகாய் கிளறும் பேச்சியக்கா, டிரையர் வைத்த அன்றைக்குக் கேட்டார். அதை தீசிஸில் ஓர் அத்தியாயமாகவே எழுதினேன். "இது பிசிக்ஸ் இல்லம்மா, எடுத்துரு" என்றார் கைடு. நான் எடுக்கவில்லை.

எக்ஸாமினர் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார். அந்தக் கேள்வியை யார் கேட்டது என்றார். நான் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்த பேச்சியக்காவைக் காட்டினேன். டிபார்ட்மெண்டே திரும்பிப் பார்த்தது. பட்டத்தைவிட அதுதான் எனக்குப் பெருமை.

வெளியே எல்லோருக்கும் லட்டும் மிக்சரும் கொடுத்தேன். பேச்சியக்கா தீசிஸை வாங்கிப் புரட்டினார்.

"பதிலு எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்?"

இன்னொரு மிக்சர் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.