ஆற்றுமுகத்தில் ஒரு மணி நேரம்

அன்புள்ள பிரையனிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், நீ நம்பமாட்டாய் என்பதும் தெரியும். அபர்டீன் குளிரைப் பற்றி எழுதியிருந்தாய். புலம்புவதை விட்டுக் கம்பளிக் காலுறை அணிந்துகொள். இங்கே ஊருக்கு என் முழங்கால் மூட்டைத் தவிர வேறு கவலையில்லை. சென்ற மார்ச்சில் அறுபத்தைந்து கிலோமீட்டர் கடற்கரை ஓட்டத்தை நான் பாதியில் விட்டதிலிருந்து, எனக்கு வேறு உறுப்புகளும் உண்டு என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரி முகத்தைப் பார்ப்பதில்லை, மூட்டைத்தான் பார்க்கிறாள். ஓட்டக்காரர்களுக்கெல்லாம் பின்னால் நடந்து வழிக்கொடிகளைக் கழற்றி வருகிறாரே பக்கத்து வீட்டு மெர்வ், அவர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஏம்மா நெரிடா, எழுபத்திரண்டு வயசுல என்னத்துக்கு இந்த வீம்பு? அம்பது கிலோமீட்டர் உங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்தேன், எனக்கே மூட்டு வலிச்சுது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னேன்.

இவ்வாண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர்கள் குடும்பத்தார் ஒருவரின் ஒப்புதல் கையெழுத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஓட்டக் குழுத் தலைவி கெய்லீன் புது விதி செய்திருக்கிறாள். எழுபதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். விதிக்கு என் பெயரையே சூட்டியிருக்கலாம். எனக்குக் குடும்பம் என்று இருப்பவள் நீ ஒருத்தி. நீயோ மூட்டைக் காரணம் காட்டி மறுத்து, ஒரு மூட்டுப்பட்டையும் அனுப்பியிருக்கிறாய். தக்காளிச் செடியை அது நன்றாகத் தாங்குகிறது.

ஆகவே உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. என் மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பதாவது கிலோமீட்டரில் ஆற்றுமுகத்தைக் கடக்கவேண்டும், கடல் வற்றியிருக்கும்போதுதான் அது முடியும். குழு தந்த தாளில் வற்றும் நேரம் இரண்டு மணி என்றிருந்தது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதைக் கடல் ஏறி வற்றும் நேர அட்டவணை கணக்கில் கொள்ளாது, அதனால் அதில் ஒரு மணி கூட்டவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் முப்பதாண்டு பாடம் நடத்தியவள் நான். இந்த மக்குகள் கூட்டியிருக்கமாட்டார்கள் என்று தீர்மானித்து மூன்று என்று திருத்திக்கொண்டு, வழியில் பாறைமேல் அமர்ந்து நிதானமாக சாண்ட்விச் தின்றேன். அவர்கள் கூட்டித்தான் இருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது, மறித்துவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று மெர்வ் கேட்டதும் மூட்டைப் பிடித்துக்கொண்டேன். புத்தி சறுக்கியது என்பதைவிடக் கால் சறுக்கியது என்பது கௌரவமாக இருந்தது. அந்தப் பொய்க்கு ஊரார் பதினோரு பாத்திரம் ஆட்டிறைச்சிக் குழம்பு கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

இன்று காலை கெய்லீனிடமும் போய் ஒப்புக்கொண்டேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "மேடம், அந்த ஒரு மணியக் கூட்டணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே" என்றாள். முப்பதாண்டில் என் பாடத்தைக் காதில் வாங்கிய ஒரே மாணவியை நான் நம்பவில்லை.

படிவத்தை இணைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டு அனுப்பு. மறுப்பதானால் என் அகந்தையைக் காரணம் காட்டி மறு. அதற்கு என்னிடம் பதிலில்லை. நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி இருங்கள்.

இம்முறை அடுத்தவர் சொல்லும் நேரத்துக்கு ஆற்றில் இறங்கவிருக்கும்,
உன் அம்மா
நெரிடா