கீபோர்டுக்குக் காப்புறுதி எடுக்கப் போனேன்

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் இசைக்குழுவின் அறையை உடைத்து ஸ்பீக்கர், மிக்சர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். மலையில் இன்று முழுக்க இதே பேச்சு. கை கொழுந்து பறித்தது, மனம் வீட்டிலிருக்கும் என் கீபோர்டையே சுற்றிக்கொண்டிருந்தது. வாரக்கடைசியில் கலியாண வீடுகளில் வாசிக்கும்போதுதான் நான் நானாக இருக்கிறேன். அது போனால்? எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கதவுக்கு ஒரு நல்ல உதை போதும்.

இன்றிலிருந்து கீபோர்ட் கட்டிலில், எனக்கும் அவருக்கும் நடுவில். என் வீட்டுக்காரர் மாரிசாமி சுவரோரம் ஒடுங்கிக்கொண்டு கேட்கிறார்: "அதுக்கும் ஒரு தலகாணி குடுத்துரவா?"

ஓகஸ்ட் 21

கட்டிலிலிருந்து விழுந்தது அவர்தான். கீபோர்ட் பத்திரம்.

ஓகஸ்ட் 25, திங்கள்

அவருடைய லொறியில், மரக்கறிச் சந்தைக்குப் போகும் கோவா மூட்டைகளுக்கு நடுவே கீபோர்டை வைத்துக்கொண்டு பதுளைக்குப் போனோம். காப்புறுதி கம்பனியில் முஷ்ரிபா என்ற மிஸ். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம்.

"வேலை செய்யிதான்னு பாக்கணும். வாசிங்க தங்கச்சி."

வாசித்தேன். காசாளர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். மோட்டார் சைக்கிள் விபத்துக்கு நட்டஈடு கேட்டு வந்திருந்த ஒரு உம்மா, "இன்னொண்டு வாசிங்க மகள்" என்றார். எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் மிஸ் கீபோர்டைத் திருப்பி, அடியிலிருந்த எண்ணைக் கம்பியூட்டரில் அடித்தார். முகம் மாறியது.

"இத யார்க்கிட்ட வாங்கினீங்க?"

"கட்டாருக்குப் போன ஒரு பையன்கிட்ட, மிஸ். நாலு வருசம் இருக்கும்."

கம்பியூட்டரிலும் அதே எண். பதுளை பஜார் ஷிபான் என்பவர் பெயரில், இதே கம்பனியில் காப்புறுதி செய்த கீபோர்ட். ஐந்து வருடத்துக்கு முன் களவு போயிருக்கிறது. அவருக்கு நட்டஈடும் கொடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது அது கம்பனியின் சொத்தாம்.

களவு போன சாமானைத் தூக்கிக்கொண்டு, இதை யாரும் களவெடுத்துவிடக் கூடாதென்று போய் நின்றிருக்கிறேன்! சிரிப்பா வருது. அழுகையாவும் வருது.

"பொலிஸுக்குச் சொல்லத்தான் வேணும். ஒங்கட பிழை இல்லண்டு நான் எழுதித் தாறன். மெனேஜர் நாளைக்குத்தான் வருவார். நம்பி விடுறன், காலையில கொண்டாங்க."

கீபோர்டை மடியில் வைத்தபடி லொறியில் திரும்பினேன். வீட்டு வாசலில்தான் அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த நம்பரச் சுரண்டிட்டா...?"

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தானே யோசித்துக்கொண்டு வந்தேன்! ஆனால் ஒரு வாரமாக நான் எதற்குப் பயந்தேனோ, அது அந்த ஷிபான் என்ற மனுசனுக்கு நிஜமாகவே நடந்திருக்கு. வெறும் இடத்தப் பாத்துக்கிட்டு எப்பிடி நின்னிருப்பாரு?

ஈரத்துணி எடுத்துக் கட்டைகளில் இருந்த கொழுந்துக் கறையைத் துடைத்தேன். அவர் புரிந்துகொண்டு உறையைக் கொண்டுவந்து தந்தார்.

ஓகஸ்ட் 26

கொடுத்துவிட்டேன். பொலிஸிலும் வாக்குமூலம் கொடுத்தாயிற்று. கட்டில் ரொம்ப அகலமாகிவிட்டது. பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் 28, வியாழன்

மலையில் நிற்கும்போது போன்.

"நான் ஷிபான் பேசுறன், பஜார்ல மணிக்கூட்டுக் கடை. முஷ்ரிபா மிஸ் எல்லாம் சொன்னா. ஒண்டு கேக்கணும். அதுல வலப்பக்கம் ஒரு கட்டை இறுகி நிக்குமே, அத வெச்சிக்கிட்டு எப்படி வாசிச்சீங்க?"

"அந்த எடம் வந்தா கொஞ்சம் பலமா அடிப்பேன், நானா." அண்ணன் என்று கூப்பிடுவதுபோல 'நானா' தானாக வந்துவிட்டது.

போனில் பெரிய சிரிப்பு. "நானும் அப்படித்தான்!"

ஞாயிறு எனக்கு ஹாலிஎலயில் கலியாணம் இருக்கிறது, வாசிக்கக் கையில் ஒன்றுமில்லை என்றேன். தன்னுடைய புதுசைத் தருவாராம். "ஆனா காப்புறுதி என்ட பேர்ல. நான் கூட இல்லாம அது வெளியே போக ஏலாது. நானும் வாறன்."

ஓகஸ்ட் 31

மேடை ஓரத்தில் கதிரை போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்று பாட்டு வரைக்கும்தான் தாங்கினார். நாலாவதுக்கு எழுந்து வந்து, "கொஞ்சம் தள்ளுங்க தங்கச்சி" என்றார். ஒரே கீபோர்ட், நாலு கை. மாப்பிள்ளை வீட்டார் ஆடித் தீர்த்துவிட்டார்கள்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பழைய கீபோர்ட் திரும்ப வேண்டுமா என்று கம்பனி முதலில் ஷிபான் நானாவைத்தான் கேட்டதாம். "அந்தப் பிள்ளைக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டாராம். தவணையில் கட்டச் சம்மதித்து, என் கீபோர்டை நானே இரண்டாம் முறை வாங்கினேன்!

முஷ்ரிபா மிஸ் லயத்துக்கே வந்து பார்த்தார். கதவை ஒரு விரலால் தள்ளினார், கிறீச்சென்றது. "இது ஏலாது." மாரிசாமி உடனே லொறியின் பழைய இரும்புச் சட்டத்தை எடுத்துவந்து குறுக்கே அடித்து, பெரிய பூட்டும் போட்டார். இப்போது எங்களுக்கே திறப்பது கஷ்டம். மிஸ் காப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

வெலிமடையில் கலியாணம். மழை. மேடையில் இரண்டு கீபோர்ட்கள், பக்கத்தில் பக்கத்தில். நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். ஷிபான் நானா தன் கீபோர்டை விட்டுப் போகத் தயங்கி நின்றார்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க நானா. ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்."

திரும்பிப் பார்க்காமல் போனார். நல்ல பசி போல, மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.