நாய்க்கு உடுத்திய குப்பாயம்

1928 ஜூன் 11, திங்கள்

காலை முதல் சாரல். நெல் காயப்போட வழியில்லை.

மணியனுக்குச் சொறி முற்றிவிட்டது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட ரோமம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எச்சிலிலைக்கு வந்த நாய், பிறகு போகவேயில்லை. இப்போது அடுப்படி வாசலில் சுருண்டு நடுங்குகிறது. என் வீட்டுக்காரர் (ஊருக்கு ரசலையன் வாத்தியார்) குடையை மடக்கிக்கொண்டே, "ரெண்டு மூணு வாரம் பாப்போம். தேறல்லண்ணா ஆளுவிட்டு அடிச்சுப் புதைக்க வேண்டியதுதான்" என்றார்.

ஜூன் 13, புதன்

மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னபடி கோட்டாற்றிலிருந்து கந்தகம் வாங்கி வரச் செய்து, தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். நக்கவிடக் கூடாதாம், மூட வேண்டுமாம். சாக்கைக் கட்டினேன். சாக்கு உரசிப் புண்ணில் இரத்தம்.

வேலிக்கு அப்பாலிருந்து சத்தியபாய் பார்த்துவிட்டாள். "ஏட்டி செல்லக்கனி, நாய்க்கு உடுப்பா! ஞாயித்துக்கிழமை கோவிலுக்குக் கூட்டிட்டு வருவியா? எந்த வரிசையில இருத்தப் போற?"

நானும் சிரித்தேன். ஆனால் யோசனை விடவில்லை. போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு மிஷன் பங்களாத் துரைசாணியின் குட்டிநாய் சிவப்புக் கம்பளிச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக வந்ததே, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. கர்த்தர் தந்த ரோமத்தின் மேல் மனுஷி ஏன் சட்டை மாட்டவேண்டும் என்றேன். சரி, அந்த ரோமமே உதிர்ந்துபோனால்? ஏதேனில் முதன்முதல் உடுப்பு உண்டாக்கினவரே அவர்தானே.

ஜூன் 15, வெள்ளி

மெல்லிய துணி தேடி, கல்யாணமாகி வந்த வருஷம் துணிப்பெட்டியில் இருந்ததையெல்லாம் நான் வரிசையாக எழுதிவைத்த பெட்டிக் கணக்கை எடுத்தேன். வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதக் கற்ற புதிது. கோணல் எழுத்து. எட்டாவது வரி: "பழைய குப்பாயம் 1 — கிழிசல் — உதவாது."

இப்போது நாங்கள் போடுகிற ஜம்பருக்கு மூத்த மேற்சட்டை. வட்டக் கழுத்து, முரட்டு வெள்ளை, கைத்தையல். ஒரு கை தோளோடு இல்லை. மாமி, இவருடைய அம்மை, மகள் எலிசா வீட்டுக்குக் கருங்கல் ஊருக்குப் போயிருக்கிறார்கள். இருந்தாலும் கிழிந்த துணிக்கு யாரைக் கேட்பது? மிச்சமிருந்த கையையும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, முதுகில் நாடா வைத்தேன். முன்கால் இரண்டும் சரியாக நுழைந்தன. போட்டோ பிடிக்க நிற்பதுபோல் அசையாமல் நின்றது.

ஜூன் 16, சனி

மணியன் நடுங்காமல் தூங்கினது. ஸ்தோத்திரம்.

ஜூன் 23, சனி

மாமி வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் மணியன் வாலாட்டிக்கொண்டு ஓடிற்று. மாமி நின்றார்கள். குனிந்து அதன் கழுத்தோரத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

"இது எங்க இருந்துட்டீ எடுத்த?"

"பெட்டியில கிடந்ததுதான் மாமி. கிழிஞ்ச—"

உள்ளே போய்விட்டார்கள். கஞ்சி குடிக்கவில்லை.

ஜூன் 24, ஞாயிறு

கோவில் விட்டு வரும் வழியில் இவர் சொன்னார். அது மாமியின் அம்மையுடைய குப்பாயம். நம் பெண்கள் மேலுடுப்புப் போடக் கூடாதென்று கலகம் நடந்த வருஷம், அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்களாம். மேல்சாதிக்காரர் நாலைந்து பேர் சூழ்ந்து கையைப் பிடித்து இழுத்துக் கிழித்துக் களைந்தார்கள். கூடப்போன மாமிக்கு அப்போது ஏழு வயது. மகளைத் தூக்கி மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டே மூன்று மைல் நடந்து வீடு சேர்ந்தார்களாம். கிழிந்ததை மாமிதான் தரையிலிருந்து பொறுக்கிக் கையில் சுருட்டிக்கொண்டது.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"எனக்கே அப்பா சொல்லித்தான் தெரியும். அம்மை வாயால கேட்டதில்ல."

பன்னிரண்டு வருஷமாக நான் உதவாது என்று எழுதிவைத்திருக்கிறேன்.

சாயங்கால ஜெபத்தில் மாமி எப்போதும் எல்லார் பெயரையும் சொல்லி ஜெபிப்பார்கள். மகன், எலிசா, பேரப்பிள்ளைகள், பால் வற்றின பசு. என் பெயர் வரவில்லை. ஆமென்.

ஜூன் 25, திங்கள்

குப்பாயத்தைக் கழற்றிச் சாம்பலிட்டு அவித்தேன். கந்தக மஞ்சள் போகவில்லை. வெட்டின கையைத் தேடினேன். விளக்குத் துடைத்து அடுப்பில் போட்டது நானேதான்!

ஒரு கையைச் சந்தையில் பிடுங்கினார்கள். மறு கையை நான் வெட்டினேன். கத்தரிக்கோல் வைத்து, நேராக.

காலைப் பிடித்தேன். "மாமி, ஓர்மையில்லாமச் செய்துட்டேன். அடியுங்க, ஏசுங்க."

"மனுஷின்னு காட்டுகதுக்காக்கும் எனக்க அம்மை அதப் போட்டா. நீ அத நாய்க்குப் போட்ட." அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜூன் 29, வெள்ளி

இன்றும் பெயர் இல்லை. மணியன் மருந்தை நக்கிக் கக்குகிறது. புண் பழையபடி திறந்துவிட்டது. வேறு துணி போட எனக்குக் கை வரவில்லை. திங்கட்கிழமை ஆள் வருவான் என்று இவர் சொல்கிறார். நான் வாய் திறக்கவில்லை. எந்த முகத்தோடு திறப்பேன்?

ஜூலை 2, திங்கள்

நல்ல மழை. ஆள் தடியோடு வந்து முற்றத்தில் நின்றான். மணியன் சுவரோடு ஒட்டி வெறும் மேலாய் நடுங்கிற்று. மாமி வெளியே வந்தார்கள். வெகுநேரம் அதையே பார்த்தார்கள். பிறகு அந்த ஆளிடம், "போ மக்கா, இங்க சோலியில்ல" என்றார்கள்.

என்னிடம் வந்து: "உடுத்துன ஒண்ண உரிஞ்சுட்டு நிறுத்தியிருக்கிய. போடாமயே இருந்திருக்கலாம். போட்டபிறவு உரியப்பிடாது, கேட்டியா?"

"மாமி... நாய்க்கு உடுப்பு தகுமா?"

"தகாதுன்னுதான் எங்களயும் சொன்னானுவ. நாய் வேற, நாம வேற. அதுல எனக்கு மாத்தமில்ல. ஆனா குளிரு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தார்கள். அடக்கத்துக்கென்று தைத்து, வசம்பு போட்டு, எட்டு வருஷமாக வைத்திருந்த புதுக் குப்பாயத்தை எடுத்து என் மடியில் போட்டார்கள்.

"ஐயோ மாமி, இது உங்களுக்க—"

"நாய்க்குக் கை வேண்டாம்லா? இதுக்க ரெண்டு கையையும் வெட்டி அம்மைக்க குப்பாயத்துல வச்சுத் தை. மிச்சத்த அந்தச் சவத்து நாய்க்குப் போடு. என்னைய அடக்கும்போ அம்மைக்கதப் போட்டாப் போதும்."

"அதுல மஞ்சக்கறை போகல்லியே மாமி."

"கெடக்கட்டு. கிழிஞ்சது தெரியப்பிடாதுன்னு நான் எப்போ சொன்னேன்?"

ஜூலை 4, புதன்

தையல் முடிந்தது. சத்தியபாய் எட்டிப் பார்த்து, "புதுத் துணியா! எனக்கே இல்லியே!" என்றாள். மாமி உள்ளேயிருந்தே, "ஒனக்குச் சொறி வரட்டும், தச்சுத் தாறோம்" என்றார்கள். பத்து நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பு.

ஜூலை 8, ஞாயிறு

ஜெபத்தில் என் பெயர் வந்தது. பசுவுக்குப் பிறகு, மணியனுக்கும் பிறகு, கடைசியில். போதும்.

செப்டம்பர் 3, திங்கள்

மணியனுக்கு முதுகெல்லாம் ரோமம் வந்துவிட்டது. குப்பாயத்தை வேலியில் மாட்டிக் கிழித்துவிட்டுத் திரிகிறது. வேறு தைக்கவில்லை. தன்னுடையது வந்துவிட்டதே.

இன்று பெட்டிக் கணக்கில் எட்டாவது வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன். மாமி பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்:

"ராகேல் மாமியின் அடக்கத்துக்கு: வெள்ளைப் புடவை 1, குப்பாயம் 1. தைத்தது மாமியின் அம்மை. கை வைத்தது செல்லக்கனி."