ஹில்மன் காரின் பூட்டு

சாய்ந்தமருது
19.08.2025

அன்பு மகன் இன்ஸாபுக்கு, உன் உம்மாவைப் பெற்ற மூத்தம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். குளிர் நாட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே நாங்களும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்து வாசி. போனில் கதைத்தால் உன் உம்மா பக்கத்தில் நிற்கிறாள். குரலைப் பதிந்து அனுப்புவதென்றால் பக்கத்து வீட்டு றுஸ்தாவிடம்தான் போக வேண்டும். அவளுக்கு ஒன்று தெரிந்தால் அஸருக்கு முன் தெரு முழுக்கத் தெரியும். அதனால் கல்முனைத் தபால் கந்தோருக்கு நானே போய் என் கையாலேயே போடுகிறேன். உறை பிரித்து ஒட்டிய மாதிரி இருந்தால் எனக்கு அறிவி.

வயல் வெட்டு முடிந்துவிட்டது. நெல் பரவாயில்லை. உன் உம்மாவுக்குப் பிரஷர் குளிசை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு முழங்கால்தான். கதிரையில் இருந்து தொழுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செத்துப்போன கார்ப் பெயர்களில் எதை இந்தக் காலத்தில் திரும்பக் கொண்டுவரலாம் என்று உன் கார் வரைகிற படிப்பில் ஒரு வேலை தந்திருக்கிறார்களாம். ஹம்பர், ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் என்று நீ அனுப்பிய பெயர்களை உன் உம்மா வாசித்துக் காட்டினாள். மூத்தம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வயது வரைக்கும் என்னிடம் சோறு தவிர ஒன்றும் கேட்காத பிள்ளை, கடல் தாண்டிப் போய்க் கார் கேட்கிறாய். சரி என்று நினைத்தேன். ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தது. நம் கொட்டிலில் நிற்கிற ஹில்மன் காரின் பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். படம் வரைகிறவனுக்குப் புத்தகத்துப் பெயர் எதற்கு? படத்துக்குக் கீழே போடத்தான் என்று உன் உம்மா சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹம்பர் கார் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு தடவை வந்தது. வாக்குக் கேட்க ஒருவர் அதில் வந்து, கிணறு வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் போனார். கிணறும் இல்லை, காரும் இல்லை. அது வராமலே இருக்கட்டும். ஒஸ்டின் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாரிடம் இருந்தது. உன் உம்மா மூன்று வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்து கிடந்தபோது மழைக்குள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டில் நின்று கை காட்டினேன். உன் மூத்தப்பா அன்றைக்கு நம் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டு ஹயர் போயிருந்தார். போடியார் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சேற்றைச் சேலையில் அடித்துவிட்டுப் போனார். காரில் என்ன குற்றம் என்று நீ கேட்பாய். நாற்பது வருஷமாக என்னால் காரையும் போடியாரையும் பிரிக்க முடியவில்லை. மொறிஸ் மைனர் வரலாம். அதில்தான் மிட்வைப் நோனா வந்து, நான் உன் உம்மாவைப் பெறப் பேறு பார்த்தார்.

ஹில்மன் பற்றி நீ கேட்காமலே எழுதுவேன். முன்சீட்டு ஒரே நீளமாக இருக்கும், கியர் ஸ்டியரிங்கோடு இருக்கும், அதனால் முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். உன் மூத்தப்பா பின்னுக்கு ஆறு பேரை ஏற்றி அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் போயிருக்கிறார். எத்தனை மாப்பிள்ளைமாரைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிய கார். திரும்பி வரத் தகுதியான கார்தான்.

ஆனால் பெயரை மட்டும் எடுத்து வேறு உடம்புக்கு வைப்பார்களாம், உள்ளே என்ஜினும் இல்லையாம், பற்றரியாம். பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் மகன். தொண்ணூற்றி இரண்டில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். ஆதம்பாவா என்று உன் மூத்தப்பாவின் பெயரைச் சரியாகச் சொன்னான். காலி ஊரில் ஒரு முகாமில் அவரைக் கண்டதாகச் சொன்னான். கையில் கிடந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். பிறகுதான் கேட்டேன், எந்தக் காலை இழுத்து நடப்பார் என்று. வலது கால் என்றான். அவர் எந்தக் காலையும் இழுப்பதில்லை.

நீ பேர் எழுதிக் கேட்ட அதே கிழமை மீராசாஹிபு வந்தார். உன் மூத்தப்பாவின் தம்பி. பதினொரு வருஷம் என் படி மிதிக்காதவர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நேரே கொட்டிலுக்குப் போய்க் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பழைய கார் எல்லாத்தையும் புதுசா உண்டாக்கிறாங்களாம் மச்சி, பேரன் சொல்லலியா, கொழும்பில ஒரு கூட்டம் இதுகளத் தேடித் திரியிது” என்றார். கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டுமாம். பெயர் மாற்ற, காக்கா என்று அவர் கூப்பிடுகிற உன் மூத்தப்பாவின் மரணச் சான்றிதழ் வேண்டுமாம். படிவம் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் ஒரு கையெழுத்து வைத்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

பார்த்தாயா, கார் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று. நீ இதற்குள் இருக்கிறாயா, உன்னை வைத்து இவர்கள் ஆடுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாதம், யுத்தப் பிரச்சினை திரும்பத் தொடங்கிய நேரம், பஸ் இல்லை. கல்முனையில் வேலை செய்த பூபாலசிங்கம் என்ற கிளாக்கரின் பெண்சாதி திருக்கோவிலில் பிள்ளை பெற வலியோடு கிடந்தாள். அவர் மீராசாஹிபிடம்தான் முதலில் ஹயர் கேட்டார். மீராசாஹிபிடம் வேன் இருந்தது. “என்ட வேன் சரியில்ல, காக்கா போவார்” என்று சொன்னவர் அவர். வேன் அடுத்த நாள் மரக்கறி ஏற்றி ஓடியதை என் கண்ணால் கண்டேன். அதை நான் மறக்கவில்லை, அவருக்கும் தெரியும் நான் மறக்கவில்லை என்று.

உன் மூத்தப்பா காலையில் போனார். பூபாலசிங்கத்தை அவருடைய வீட்டுப் படலையில் இறக்கிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு இல்லை. பூபாலசிங்கத்தையும் நான் இருபது வருஷம் சந்தேகப்பட்டேன். மனுஷன் ஒவ்வொரு வருஷமும் வந்து அதே கதையை ஒரு சொல் மாறாமல் சொல்லிவிட்டுப் போவார். மாறினால் பிடிப்பேன் என்று காத்திருந்தேன், மாறவில்லை. அன்றைக்குப் பிறந்த பிள்ளை ஆகிலாவுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அவளைக் கண்டால் எனக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் கார் அக்கரைப்பற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு சைக்கிள் கடைக்கு முன்னால் நின்றது. நாலு கதவும் பூட்டி இருந்தது. கண்ணாடி ஏற்றி இருந்தது. சாவி இல்லை. அந்தக் காருக்கு ஒரே சாவிதான். முன்சீட்டில் எப்போதும் கிடக்கிற தொப்பியும் இல்லை. சாவி கொண்டு பூட்டி, தொப்பியையும் எடுத்துக்கொண்டு ஒரு மனுஷன் இறங்குகிறார் என்றால் லுஹர் தொழத்தான் இறங்குகிறார். இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர் கதவு பூட்டுவாரா? பூட்டினவர் திறக்க வருவார். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொன்னேன். மீராசாஹிபு, புருஷன் மௌத்தானவள் மாதிரி இத்தா இருக்கச் சொல்லி வெள்ளைச் சேலை கொண்டுவந்து தந்தபோதும் இதைத்தான் சொன்னேன். நாலு மாதம் பத்து நாள் நான் இருக்கவில்லை. ஊர் கதைத்தது. வெள்ளைச் சேலையை மடித்தபடி அலுமாரியில் வைத்தேன்.

காரை நெம்பித் திறக்க வந்தவர்களை நான் விடவில்லை. இருபது பேர் தூக்கி டிரக்டர் பெட்டியில் ஏற்றினார்கள். சுனாமித் தண்ணீர் காரின் சில்லு மட்டத்துக்கு வந்தபோதும் திறக்கவில்லை. இதில் நான் செய்த பிழை ஒன்று உண்டு, உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவர் பூட்டிய இடத்தில் இருந்து காரைக் கொண்டுவந்தது நான். அவர் திரும்பி வந்து அந்த இடம் வெறுமையாகக் கிடக்கக் கண்டிருந்தால்? சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன், வந்து கேட்டால் கார் வீட்டில் நிற்கிறது என்று சொல்லுங்கள் என்று. கடைக்காரர் மௌத்தாகி அவருடைய மகன் கடைக்கு இருந்தான், அவனிடமும் சொன்னேன். இப்போது அது போன் கடை. போன வருஷமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கடையில் நிற்கிற பிள்ளை சிரித்தாள், பரவாயில்லை.

நேற்று முந்தநாள் உன் உம்மா றிம்சானைக் கூட்டிவந்தாள், வரிப்பத்தான்சேனையில் டிரக்டர் திருத்துகிறவன். நீ கேட்ட படம் எடுக்க என்றாள். அவன் காரைத் தட்டிப் பார்த்தான், கீழே படுத்துப் பார்த்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். சாவி இல்லாமல் இந்தக் கதவைப் பூட்ட முடியுமா என்று உன் உம்மா கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு, “இதுக்கு என்னத்துக்கு உம்மா சாவி? எங்கட மாமாட பழைய கார்ல உள்பிடிய அமத்திப்போட்டு, வெளிப்பிடியப் பிடிச்சி அடிச்சாப் பூட்டுப்படும். சாவிய உள்ளுக்கு வச்சிப் பூட்டிட்டு முழிச்சிக்கிட்டு நிப்பார் மனுஷன்” என்றான். இதுவும் அப்படியா என்று நான் கேட்டேன். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றான்.

அப்படியென்றால் யாரும் பூட்டியிருக்கலாம். காரை ஓரமாக விட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்திப் போகிற எவனும் பூட்டியிருக்கலாம். உன் உம்மா என்னைப் பார்த்தாள். மீராசாஹிபு சொல்லிக் கொடுத்து அவன் சொன்னான் என்று அவளிடம் கத்தினேன். அவள் பின்கண்ணாடிக்குப் போய்க் கையை வைத்து மறைத்து உள்ளே பார்த்தாள். பின்சீட்டில் பேப்பரில் சுற்றிய ஒரு பார்சல் கிடக்கிறது. அன்று வரும்போது மகள் சுஹைறாவுக்குச் செருப்பு வாங்கி வாங்க என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். “எனக்குக் கார் வாணாம்மா, அந்தச் செருப்ப ஒருக்காத் தொட்டுப் பாக்கணும்” என்றாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண். அவள் காரை விற்கத் துடிக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மீராசாஹிபும் திரும்ப வந்தார். படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கார் எங்கேயும் போக வேண்டாம், கொழும்பும் வேண்டாம் என்றார். “கண்ண மூடுறதுக்குள்ள உடம்பு கிடைக்காட்டியும் காக்காக்கு ஒரு காயிப் ஜனாஸா தொழுகணும் மச்சி, நீங்க சொல்லாம எப்பிடித் தொழுவ” என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார். அவருடைய கண்ணீரையும் நான் உடனே நம்புகிறவள் இல்லை. தேத்தண்ணி கொடுத்தேன், சீனி போடவில்லை. அது கோபத்தில் இல்லை, அவருக்குச் சீனி வருத்தம்.

இன்ஸாப், நீ இருக்கிற கொவன்றி ஊரில்தான் ஹில்மன் செய்தார்களாம். நீதான் எழுதியிருந்தாய். அங்கே அந்த வேலை செய்த கிழவர் யாராவது உயிரோடு இருப்பார். அவரைத் தேடிப் போய் ஒன்றே ஒன்று கேள். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைச் சாவி இல்லாமல் வெளியில் நின்று பூட்ட முடியுமா, முடியாதா? புத்தகத்தில் பார்த்து எழுதாதே, கையால் பூட்டித் திறந்த ஆளிடம் கேள். என் மனம் நோகும் என்று மாற்றி எழுதாதே. உன் எழுத்து சரிந்தால் எனக்குத் தெரிந்துவிடும். பதிலை என் பெயருக்கு, தபாலில் அனுப்பு.

முடியாது என்று அவர் சொன்னால், மீராசாஹிபுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். முடியும் என்று சொன்னால், றிம்சானை நானே கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி, உன் உம்மாவின் கையில் பார்சலைக் கொடுப்பேன். கையெழுத்தும் வைப்பேன். வெள்ளைச் சேலையை நேற்றுத் துவைத்துக் காயப்போட்டேன். பழுப்பு ஏறியிருந்தது, அதற்காகத்தான். வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. போகிற இடத்திலிருந்து திரும்பி வருகிற பாக்கியத்தை அல்லாஹ் உனக்குத் தருவானாக.

உன்னைப் பார்த்திருக்கும் மூத்தம்மா,
ஆ. சீனத்தும்மா

புத்தகத்தில் இருக்கிற பெயர் மு. ஆதம்பாவா. படத்துக்குக் கீழே போடு, மௌத்தானவர்களுக்குப் போடுகிற மர்ஹூமை முன்னால் போடாதே. நீ வரையப் போகிற புது ஹில்மனுக்கு முன்சீட்டு நீளமாக இருக்கட்டும், பற்றரியும் இருக்கட்டும். சாவி இல்லாமல் மட்டும் அதன் கதவு பூட்டுப்படக் கூடாது.