சன்னலோரத்துப் பை

சின்னவளின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. நான் சமையல் வேலை பார்க்கிற குஜராத்திக் குடும்பம் போன வாரம் வெளியூர் கிளம்பியது. வழியில் சாப்பிட மொச்சைச் சோறு கேட்டார்கள். முளைகட்டிய மொச்சையைத் தோலுரித்து, ஓமம் தாளித்து, அரிசியோடு வேகவைத்தேன். பரிமாற ஆள் வேண்டுமே, என்னையும் அழைத்துப் போவார்கள் என்று நினைத்து எனக்கும் சேர்த்தே சமைத்தேன். நல்ல புடவை கட்டி, பாத்திரத்தோடு வண்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன்தான் சொன்னார். “நீ எங்கம்மா கிளம்பிட்ட? பாத்திரத்த வச்சிட்டு எறங்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நாம் ரயிலில் போகும்போது சோற்றுப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருப்பேனே, அது ஞாபகம் வந்தது. போன மாதம் நீங்களும் பிள்ளைகளும் ரயிலில் எடுத்த போட்டோவைப் பார்த்தேன். என் இடத்தில் பையை வைத்திருக்கிறீர்கள்.

பித்தவெடிப்புக்குக் களிம்பு இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வீட்டம்மா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

அடுத்த முறை ரயிலில் என் இடத்தில் சின்னவள் உட்காரட்டும். காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை. பை வேண்டாம்.